எஃப்.டபிள்யூ.டி மக்கர் பண்ணுதா? ஹைட்ராலிக் ஃபால்ட், சென்சார் ஃபால்ட் ரெண்டையும் பிரிச்சு கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ரோட்ட அடிச்சு அது எவ்வளவு அமுங்குதுன்னு அளக்கற எஃப்.டபிள்யூ.டி மெஷின் நின்னு போச்சுன்னா சைட்ல எல்லார் வாயிலயும் மொதல்ல வர்றது "ஹைட்ராலிக் போச்சு சார்"தான். வெயிட் ஏறலையா, ஹைட்ராலிக். ஏறினது தானா எறங்குதா, ஹைட்ராலிக். லோட் கம்மியா காட்டுதா, அதுவும் ஹைட்ராலிக். அப்புறம் பம்பை கழட்டி அம்பத்தூர் எஸ்டேட்ல குடுத்து, சீல் எல்லாம் மாத்தி, திரும்ப கொண்டாந்து மாட்டினா அதே ஃபால்ட் அசையாம நிக்கும், ஏன்னா கோளாறு பேட்டரி எர்த் கேபிள்ல இருந்திருக்கும். இந்த மெஷின்ல பாதி ஹைட்ராலிக் கம்ப்ளெயின்ட் கரண்ட் கம்ப்ளெயின்ட்டுதான், அதனால ஸ்பானர எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் கோளாறுன்னு பிரிச்சுக்கணும், அந்த பிரிக்கிற வேலைய மெஷின் குடுக்கற நம்பரே முக்கால்வாசி செஞ்சு குடுத்துடும். இந்த வழிகாட்டி முழுக்க அதப் பத்திதான்.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி: எஃப்.டபிள்யூ.டின்னா ஃபாலிங் வெயிட் டிஃப்ளெக்டோமீட்டர், ஒரு வெயிட்ட ஹைட்ராலிக்ல தூக்கி ரப்பர் பஃபர் மேல விடுவோம், அந்த அடி 300 மில்லிமீட்டர் ப்ளேட் வழியா ரோட்டுக்குள்ள போகும், வரிசையா நிக்கிற ஜியோபோனுங்க ரோடு எத்தனை மைக்ரான் அமுங்குச்சுன்னு சொல்லும். நம்ம ஊர்ல இதுக்கு வழிகாட்டி இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி) போட்டது: தார் ரோட்டுக்கு ஐ.ஆர்.சி 115 (2014), கான்கிரீட் ரோட்டுக்கு ஐ.ஆர்.சி 117 (2015). தார் ரோட்டுக்கு டார்கெட் லோட் 40 கிலோ நியூட்டன், கூட குறைய 4. மெஷின் கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் வித்தியாசப்படும், ஜியோபோனுக்கு பதிலா சீஸ்மோமீட்டர் வெச்ச மெஷினும் இருக்கு, அதனால நான் சொல்றத உங்க மெஷினோட ஹைட்ராலிக் டிராயிங், வயரிங் டிராயிங் பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க. டிராயிங் இல்லன்னா மொதல்ல அத வாங்குங்க, அது இல்லாம பண்ற ரிப்பேர் எல்லாம் குத்துமதிப்புதான்.

ஸ்டெப் 0: கை உள்ள போறதுக்கு முன்னாடி

வெயிட் மேல தொங்கும்போது ப்ரேமுக்குள்ள கைய விடக்கூடாது. 200 கிலோ கிட்ட இருக்கற பொருள், சோலனாய்டு (கரண்ட் குடுத்தா இழுக்கற காந்தக் காயில்) ஒண்ணு தப்பா ஆஃப் ஆனா சத்தமே இல்லாம வந்துடும். வெயிட்ட கீழ எறக்குங்க, எறங்கலன்னா ட்ரான்ஸ்போர்ட் லாக் பின்ன போடுங்க, அப்புறம் பேட்டரி ஐசொலேட்டர ஆஃப் பண்ணி சாவிய பாக்கெட்ல வெச்சுக்கோங்க. லேப்டாப்ல உக்காந்திருக்கிற தம்பிகிட்ட "எதையும் தொடாத"ன்னு சொன்னா மட்டும் பத்தாது.

ரெண்டாவது, ஆயில் லீக்க கைய வெச்சு தடவிப் பாக்கறது. ஹோஸ்ல ஊசி ஓட்டை இருந்தா ப்ரெஷர்ல வர்ற ஆயில் தோல கிழிச்சு உள்ள போயிடும், வெளிய பாக்க சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா விரலையே எடுக்க வேண்டி வர்ற அளவுக்கு சீரியஸ். ஒரு அட்டைத் துண்ட கொஞ்சம் தள்ளிப் புடிச்சு பாருங்க, ஈரம் எங்க படுதோ அங்க லீக். அப்படி யாருக்காவது குத்திடுச்சுன்னா பேண்டேஜ் போட்டுட்டு வேலைய பாக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி, "ஹைட்ராலிக் ஆயில் ப்ரெஷர்ல உள்ள போயிருக்கு"ன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும்.

அப்புறம் ட்ராஃபிக். ஜி.எஸ்.டி ரோட்லயோ பைபாஸ்லயோ லேன் நடுவுல நின்னு ரிப்பேர் பாக்கறது வேணாம், கோன் வெச்சிருந்தாலும் வேணாம். ரோட்டு வேலை நடக்கற எடத்துல ட்ராஃபிக்க சமாளிக்க ஐ.ஆர்.சி எஸ்.பி 55 சொல்ற ஏற்பாடு எல்லாம் டெஸ்ட் பண்றதுக்கு, படுத்து ரிப்பேர் பாக்கறதுக்கு இல்ல. ப்ளேட்டயும் சென்சார் பாரையும் தூக்கி லாக் பண்ணிட்டு பக்கத்து பெட்ரோல் பங்க்குக்கோ டோல் ப்ளாசா ஓரத்துக்கோ இழுத்துட்டு போயிடுங்க. தூக்கவே முடியலன்னா ஹேண்ட் பம்ப் இருக்கும், அது எங்க இருக்குன்னு யார்டுலயே தெரிஞ்சு வெச்சுக்கணும், நடு ராத்திரி டார்ச் அடிச்சு தேடக்கூடாது.

ஸ்டெப் 1: நம்பர வெச்சு பிரிங்க

இதுதான் முக்கியம், பொறுமையா படிங்க. மெஷின் ஓடுது ஆனா ரீடிங் சரியில்லங்கற கேஸுக்கு இது. ஒரே இடத்துல, ப்ளேட்ட தூக்காம, ஒரே ஹைட்ல நாலஞ்சு ட்ராப் போடுங்க, மொத ட்ராப்ப கணக்குல சேர்க்காதீங்க, அது ப்ளேட் உக்கார்றதுக்கு. அதே இடத்துல நல்ல கண்டிஷன்ல எடுத்த பழைய ரீடிங் இருந்தா ரொம்ப நல்லது. இடம் மாத்தி கம்பேர் பண்ணாதீங்க, பத்து மீட்டர் தள்ளினாலே ரோடு வேற.

லோடும் குறைஞ்சிருக்கு, எல்லா ஜியோபோனும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குறைஞ்சிருக்குன்னா, உதாரணத்துக்கு லோட் 40லேர்ந்து 36, நடு சென்சார் 400 மைக்ரான்லேர்ந்து 360, அடுத்தடுத்ததும் பத்து பத்து பர்சென்ட் கம்மின்னா, சென்சார் எல்லாம் உண்மைதான் பேசுது, நெஜமாவே அடி குறைஞ்சிருக்கு. ஹைட், பஃபர், கைட் ராடு (வெயிட் வழுக்கி எறங்கற கம்பி) உராய்வு, இந்தப் பக்கம் போங்க.

லோட் 36னு காட்டுது ஆனா ஜியோபோன் எல்லாம் பழைய மாதிரியே இருக்குன்னா அடி சரியாதான் விழுது, லோட் செல்லோ (அடி எவ்வளவுன்னு அளக்கற சென்சார்) அதோட கேபிளோ ஆம்ப்ளிஃபையரோ பொய் சொல்லுது.

லோட் சரி, ஒரே ஒரு ஜியோபோன் மட்டும் ஏறுமாறா இருக்குன்னா அந்த சேனல் மட்டும். லோட் சரி, எல்லா ஜியோபோனும் மாறியிருக்குன்னா ஒண்ணு ரோடு மாறியிருக்கு, தார் சூடாகி இளகியிருக்கும், இல்ல எல்லா சேனலுக்கும் பொதுவா இருக்கற பவர் சப்ளை, எர்த்ல கோளாறு. எல்லா ஜியோபோனும் ஒரே நாள்ல ஒண்ணா கெட்டுப் போகாது, அப்படி தெரிஞ்சா ஜியோபோன விட்டுட்டு பொதுவான சமாச்சாரத்த பாருங்க.

இன்னொரு கணக்கு மனசுல இருக்கட்டும்: பீக் லோட் ட்ராப் ஹைட்டோட ஸ்கொயர் ரூட்டுக்கு ஏத்த மாதிரிதான் மாறும். ஹைட் 10 பர்சென்ட் குறைஞ்சா லோட் 5 பர்சென்ட்தான் குறையும், 40 இருந்தது 38 ஆகும். லோட் 36க்கு எறங்கணும்னா ஹைட் 19 பர்சென்ட் குறையணும், அது அளவு டேப்ப வெச்சாலே தெரிஞ்சுடும். டேப் வெச்சு அளந்தா ஹைட் சரியாதான் இருக்கு ஆனா லோட் 10 பர்சென்ட் கம்மின்னா அப்ப ப்ராக்ஸிமிட்டி சுவிட்ச்ச (இரும்பு கிட்ட வந்தா தொடாமலே உணர்ற சுவிட்ச்) நோண்டாதீங்க, பஃபரயும் கைட் ராடையும் பாருங்க. பஃபர் ரப்பர் சூட்டுல இளகும், இளகினா பீக் குறையும், பல்ஸ் நீளும். மே மாசம் சாயங்காலம் ஆரம்பிச்சு விடியற வரைக்கும் டெஸ்ட் பண்ணீங்கன்னா ஒரே ஹைட்லயே லோட் மெதுவா ஏறிட்டே போகும், அது ஃபால்ட் இல்ல, பஃபர் ஆறுது.

ஸ்டெப் 2: 12 வோல்ட்

வெயிட் ஏறல, மெதுவா ஏறுது, நடுவுல நின்னுடுது, எதுவா இருந்தாலும் மொதல்ல இங்க வாங்க. நிறைய ட்ரெய்லர்ல ஹைட்ராலிக் பம்ப ஓட்டறது ஒரு டி.சி மோட்டார், அது லோட்ல நூறு நூத்தம்பது ஆம்பியர் இழுக்கும். 150 ஆம்பியர் ஓடற கேபிள்ல ஏதோ ஒரு ஜாயின்ட்ல வெறும் 0.01 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தா 1.5 வோல்ட் அங்கயே காலி. அந்த 0.01 ஓம் சாதா மல்டிமீட்டர் ஓம் ரேஞ்ச்ல தெரியவே தெரியாது, அதனால "கன்டினியூட்டி இருக்கு சார்"னு பீப் சத்தம் கேட்டு விட்டுடறாங்க.

சரியான வழி என்னன்னா பம்ப் ஓடும்போது அளக்கணும். வெயிட் கீழ இருக்கணும், நீங்க ப்ரேமுக்கு வெளிய நிக்கணும். மீட்டர டி.சி வோல்ட்ல வெச்சு ஒரு ப்ரோப பேட்டரி ப்ளஸ் போஸ்ட்டு மேலயே வைங்க, டெர்மினல் க்ளாம்ப் மேல இல்ல, இன்னொண்ண மோட்டார் ப்ளஸ் போல்ட் மேல. பம்ப் ஓடும்போது காட்டற நம்பர்தான் அந்த வழியில தொலையற வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா க்ளாம்ப், ஃப்யூஸ், கான்டாக்டர் (பெரிய ரிலே), லக்கு (கேபிள் நுனியில இருக்கற செம்பு முனை) ஒவ்வொண்ணா தாண்டி தாண்டி அளந்து பாருங்க, எந்த எடத்துல நம்பர் குதிக்குதோ அதுதான் திருடன். அதே மாதிரி பேட்டரி மைனஸ் போஸ்ட்லேர்ந்து மோட்டார் பாடிக்கு அளங்க, இத நிறைய பேர் பண்றதே இல்ல, நம்ம சென்னை உப்புக் காத்துல மொதல்ல போறதே அந்த எர்த் லக்குதான். ஈ.சி.ஆர்லயும் எண்ணூர் பக்கமும் ஓடற ட்ரெய்லர்ல கேபிள் தோலுக்கு உள்ளயே செம்பு பச்சை பூத்து இருக்கும், வெளிய பளபளன்னு இருக்கும்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டினா அது ஆரோக்கியம்னு நம்பாதீங்க. பம்ப் ஓடும்போது பேட்டரி போஸ்ட்லயே பத்தரைக்கு கீழ விழுந்தா பேட்டரி முடிஞ்சுது, இல்ல சார்ஜே ஆகல. வண்டி எஞ்சின் ஓடும்போது ட்ரெய்லர் பேட்டரில 13.8லேர்ந்து 14.4 வரைக்கும் வரணும், வரலன்னா வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல இருக்கற ப்ளக், சார்ஜிங் ரிலே.

வோல்ட் கம்மியானா மோட்டார் மட்டும் ஸ்லோ ஆகறதில்ல, கான்டாக்டர் டக்கு டக்குன்னு அடிச்சுக்கும், சோலனாய்டு வால்வு பாதி திறந்து நிக்கும், கன்ட்ரோல் பாக்ஸ் ரீசெட் ஆகி லேப்டாப்ல "கம்யூனிகேஷன் எரர்" வரும். மூணும் வேற வேற ஃபால்ட் மாதிரி தெரியும், ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, காரணம் ஒண்ணுதான்.

ஸ்டெப் 3: இப்ப ஹைட்ராலிக்

வோல்ட் சரின்னு உறுதியான பிறகுதான் இங்க. ஆயில் லெவல் மொதல்ல, சிலிண்டர் எல்லாம் உள்ள இழுத்திருக்கும்போது பாக்கணும், நீட்டிட்டு இருக்கும்போது பாத்து டாப்-அப் பண்ணா அப்புறம் டேங்க் வழிஞ்சு ஓடும். ஆயில் கலர் பாருங்க. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழையில வெளிய நிக்கிற ட்ரெய்லர்ல ப்ரீதர் கேப் (டேங்க்குக்கு காத்து போய் வர்ற மூடி) வழியா போயிடும். சந்தேகமா இருந்தா சூடான இரும்புத் தகட்டுல ஒரு சொட்டு விடுங்க, சடசடன்னு வெடிச்சா தண்ணிதான். டேங்க்க வடிச்சு துடைச்சு, ஹோஸ்ல இருக்கறதயும் வெளியேத்தி புது ஆயில் போடணும், மேல மேல ஊத்தி சரிக்கட்ட முடியாது.

மோட்டார் ஓடுது, எதுவுமே அசையல. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கற கப்ளிங் கட்டாயிருக்கலாம், மோட்டார் சத்தம் ரொம்ப லேசா, லோடே இல்லாத மாதிரி இருக்கும். இல்லன்னா மோட்டார் உல்டாவா சுத்துது, பெர்மனென்ட் மேக்னெட் மோட்டார்ல யாராவது வயர மாத்தி மாட்டினா இப்படி ஆகும், கியர் பம்ப உல்டாவா ஓட்டினா ஷாஃப்ட் சீலே பிச்சுக்கும், உடனே நிறுத்துங்க. ரெண்டும் இல்லன்னா வால்வு.

சோலனாய்டு வால்வுக்கு டெஸ்ட் சிம்பிள். கமாண்ட் குடுக்கும்போது காயில் நட்டு மேல ஸ்க்ரூட்ரைவர் நுனிய வெச்சுப் பாருங்க, இழுத்தா காயிலுக்கு கரண்ட் வருது. இழுக்கலன்னா ப்ளக்க கழட்டி வோல்ட் வருதான்னு பாருங்க, வருதுன்னா காயில் அவுட், 12 வோல்ட் காயில் 20-30 வாட் ரகம்னா 5லேர்ந்து 7 ஓம் பக்கம் இருக்கணும். இழுக்குது ஆனா வால்வு வேலை செய்யலன்னா மேனுவல் ஓவர்ரைடு பின்ன (வால்வ கையால தள்ளற பின்) அமுக்குங்க, அமுக்கினா ஓடுதுன்னா ஸ்பூல் (வால்வுக்குள்ள நகர்ற தண்டு) ஜாம் ஆகுது, கழட்டி க்ளீன் பண்ணணும். கழட்டும்போது ஓ-ரிங் சைஸ எழுதி வெச்சுக்கோங்க, பாரிமுனை கடையில போய் "இந்த மாதிரி ஒண்ணு"ன்னு விரல் காட்டினா பொருந்தாததுதான் கிடைக்கும்.

ஏறுது ஆனா குலுங்கி குலுங்கி ஏறுது, பம்ப் கரகரன்னு கத்துது. காத்து இழுக்குது. ப்ரேக் லைன்ல காத்து ஏறின பைக் மாதிரிதான், அமுக்கற சக்தி காத்த சுருக்கறதுலயே போயிடும். சக்ஷன் ஹோஸ் க்ளிப்ப டைட் பண்ணுங்க, ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கான்னு பாருங்க, டேங்க்ல நுரை இருந்தா அடங்கற வரைக்கும் விட்டு, வெயிட் இல்லாம ப்ளேட்ட மட்டும் முழு தூரத்துக்கு பல தடவை ஏத்தி எறக்கி காத்த வெளியேத்துங்க. சக்ஷன் பக்கம் லீக் ஆனா ஆயில் வெளிய வராது, காத்து உள்ள போகும், அதனால ஈரம் தெரியலங்கறதுக்காக லீக் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க.

பகல்ல சரியா ஓடலை, ராத்திரி நல்லா ஓடுதுன்னா ஆயில் தண்ணியா போகுது. 46 கிரேடு ஆயில்ங்கறது 40 டிகிரில விஸ்காசிட்டி (ஆயிலோட கெட்டித்தன்மை) 46, டேங்க் 60 டிகிரி போனா அதுல பாதிக்கும் கீழ எறங்கிடும், தேய்ஞ்ச பம்ப்ல உள்ளுக்குள்ளயே ஆயில் பின்னாடி ஓடும். குளிர் நாட்டுக்குன்னு மெல்லிசு ஆயில் ஊத்தி வந்த மெஷின அப்படியே அக்னி நட்சத்திரத்துல ஓட்டினா இந்த கூத்து நடக்கும். கம்பெனி மேனுவல்ல சூடான ஊருக்கு எந்த கிரேடுன்னு போட்டிருப்பான், அத போடுங்க.

ஏறி நின்ன வெயிட் தானா எறங்குது. ஆளுங்கள தள்ளி நிக்க வெச்சுட்டு, ராடுல சாக்பீஸ் கோடு போட்டு பத்து நிமிஷம் பாருங்க. எறங்குதுன்னா செக் வால்வு (ஆயில ஒரே பக்கமா விடற வால்வு) சீட்ல தூசி, இல்ல லோயரிங் வால்வு முழுசா மூடல, இல்ல சிலிண்டர் சீல். மூணுல சுலபமானது வால்வு, அதனால அதுலேர்ந்து ஆரம்பிங்க, கார்ட்ரிட்ஜ கழட்டி டீசல்ல அலசி காத்தடிச்சு மாட்டினாலே நிறைய தடவை சரியாயிடும். சிலிண்டர கழட்டறது கடைசி.

ரிலீஃப் வால்வ (ப்ரெஷர் எல்லை தாண்டினா திறந்து விடற வால்வு) பத்தி ஒரே வார்த்தை: கேஜ் மாட்டாம தொடாதீங்க. டெஸ்ட் பாயின்ட்ல கேஜ் மாட்டி மேனுவல்ல இருக்கற ப்ரெஷர் வருதான்னு பாருங்க. வெயிட் ஏறலன்னு ஸ்க்ரூவ முறுக்கிட்டே போற ஆளுங்க இருக்காங்க, கோளாறு வேற எங்கயோ இருக்கும், அது சரியான அன்னிக்கு ஹோஸ் வெடிக்கும்.

ஸ்டெப் 4: ப்ராக்ஸிமிட்டி சுவிட்ச்

ஹைட்டுக்கு நிக்கல, கேட்ச் (வெயிட்ட புடிச்சு தூக்கற கொக்கி) வெயிட்ட புடிச்சும் "புடிக்கல"ன்னு சொல்லுது, ப்ளேட் கீழ எறங்கியும் ட்ராப் ஆக மாட்டேங்குது, இதெல்லாம் ஹைட்ராலிக் வேஷம் போட்ட சுவிட்ச் ஃபால்ட். மூணு வயர் சுவிட்ச்னா ப்ரவுன் ப்ளஸ், ப்ளூ மைனஸ், கருப்பு சிக்னல். ஐசொலேட்டர் ஆன்ல, வெயிட் லாக்ல, ஸ்பானர் நுனிய சுவிட்ச் மூஞ்சி கிட்ட காட்டுங்க, எல்.இ.டி எரியணும், கருப்பு வயர்ல வோல்ட் மாறணும். எல்.இ.டி எரியுது ஆனா கன்ட்ரோலருக்கு போகலன்னா கேபிள். எல்.இ.டியே எரியலன்னா சப்ளை, அதுவும் சரின்னா சுவிட்ச்.

மாத்தும்போது பி.என்.பி (சிக்னல் ப்ளஸ்ஸா வர்றது), என்.பி.என் (மைனஸா வர்றது) பாத்து வாங்குங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டும் ஒரே மாதிரி டப்பாலதான் இருக்கும். கேப்பயும் பழைய மாதிரியே வைங்க, எம்12 ஃப்ளஷ் ரகம் பொதுவா 2 மில்லிதான் உணரும், எம்18 ஃப்ளஷ் 5 மில்லி, பழையது எம்18 இருந்த எடத்துல அடாப்டர் போட்டு எம்12 மாட்டினா ஒரு குழியில ட்ரெய்லர் குதிச்சாலே விட்டுடும். முகத்துல ஒட்டின இரும்புத் தூள் கலந்த கிரீஸ் அழுக்கையும் துடைங்க, அதுவே எதிர்ல இரும்பு இருக்கற மாதிரி ஏமாத்தும்.

ஸ்டெப் 5: லோட் செல்

ப்ளேட் காத்துல தொங்கும்போது ஜீரோ எவ்வளவுன்னு தினமும் காலையில எழுதி வைங்க. அந்த நம்பர் நாளுக்கு நாள் நகர்ந்துட்டே போனா ஈரமோ ஓவர்லோடோ. செல்ல ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து கழட்டி ஓம் பாருங்க: 350 ஓம் பிரிட்ஜ்னா சிக்னல் ரெண்டு வயருக்கு நடுவுல 350 பக்கம் வரும், சப்ளை ரெண்டு வயர்லயும் அந்த ரேஞ்ச்தான், கொஞ்சம் கூட இருக்கலாம். வயருக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டர் எதுவுமே காட்டக்கூடாது. இத 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்டர்) வெச்சு செக் பண்றேன்னு கிளம்பற எலக்ட்ரீஷியன் அண்ணன்கள தயவுசெஞ்சு தடுங்க, உள்ள இருக்கற ஸ்ட்ரெயின் கேஜ் தாங்காது.

செல் நல்லா இருந்தும் லோட் ஆடுதுன்னா ப்ளேட்டுக்கு அடியில இருக்கற ரப்பர் ஷீட் கிழிஞ்சிருக்கா, ஒரு பக்கம் உரிஞ்சிருக்கா பாருங்க. ப்ளேட் சாய்வா ஜல்லி மேல உக்காந்தாலும் இப்படித்தான். எடத்த பெருக்கிட்டு ஒரு முழம் தள்ளி போட்டாலே தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 6: ஜியோபோன்

ஜியோபோன் டிஸ்ப்ளேஸ்மென்ட்ட நேரா அளக்கறதில்ல, வேகத்த அளக்குது, அத சாஃப்ட்வேர் இன்டக்ரேட் பண்ணி மைக்ரானா மாத்துது. அதனால சின்ன நாய்ஸ் கூட இன்டக்ரேட் ஆகி பெரிசா தெரியும். பீக் நம்பர மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது, டைம் ஹிஸ்டரிய சேவ் பண்ற ஆப்ஷன ஆன்ல வைங்க, கிராஃபுலதான் எல்லாம் இருக்கு.

மொதல்ல பேசின் (அடி விழும்போது ரோடு அமுங்கற பள்ளம்) வடிவம். 0, 300, 600, 900 மில்லிமீட்டர்னு தள்ளித் தள்ளி போக போக டிஃப்ளெக்ஷன் குறைஞ்சுட்டே போகணும். நடுவுல ஒண்ணு முன்னாடி இருக்கறதவிட கூட காட்டுதுன்னா, சென்சார குறை சொல்றதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாருங்க, சென்சார் நுனி ஜல்லி மேலயோ தெர்மோப்ளாஸ்டிக் கோட்டு விளிம்புலயோ ஒடஞ்ச பேட்ச் மேலயோ நிக்கும், இல்ல ரெண்டு சென்சாருக்கு நடுவுல ரோட்லயே கிராக் இருக்கும். ட்ரெய்லர ஒரு மீட்டர் நகர்த்தி போட்டா அடுத்த எடத்துல சரியாகிடுச்சுன்னா ரோடுதான்.

நகர்த்தியும் அதே சென்சார்னா, மாத்தி மாட்டற டெஸ்ட். 3ம் நம்பர் கேபிள 4ம் சேனல்லயும் 4ம் நம்பர 3லயும் குத்துங்க, ஜியோபோன தொட வேணாம். ஃபால்ட் சேனலோட தங்கிடுச்சுன்னா, அதாவது ஸ்க்ரீன்ல இன்னும் 3தான் கெட்டு தெரியுதுன்னா ஆம்ப்ளிஃபையர் போர்டு. 4க்கு தாவிடுச்சுன்னா கேபிளோ ஜியோபோனோ. அப்புறம் கேபிள அதுங்க எடத்துலயே விட்டுட்டு ஜியோபோன மட்டும் மாத்துங்க, திரும்ப தாவினா ஜியோபோன், தாவலன்னா கேபிள். பத்து நிமிஷ வேலை, ஒரு பைசா செலவில்ல, ஆனாலும் பாதி பேர் நேரா புது ஜியோபோன் ஆர்டர் போடறாங்க. ஒவ்வொரு ஜியோபோனுக்கும் தனித்தனி கேலிப்ரேஷன் ஃபேக்டர் இருக்கு, மாத்தி மாட்டினதும் சாஃப்ட்வேர்ல சீரியல் நம்பரயும் மாத்தணும், டெஸ்ட் முடிஞ்சதும் பழையபடி வெச்சுடணும்.

மீட்டர்ல ஓம் பாத்து எல்லா ஜியோபோனயும் ஒப்பிடுங்க, ஒரே மாடல்னா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான். ஒண்ணு மட்டும் ஓபன்னா காயிலோ கனெக்டரோ. கேபிள ஆட்டிட்டே ஓம் பாருங்க, சென்சார் பார் ஏறி எறங்கற எடத்துல வளையற பாகம்தான் உள்ளுக்குள்ள அறுந்து போகும். யார்டுல நிறுத்தற மெஷினா இருந்தா எலியையும் லிஸ்ட்ல சேருங்க, சிரிக்காதீங்க.

கனெக்டர சால்டர் பண்ணி மாட்டினதும் பொலாரிட்டி பாக்கணும். ரெண்டு வயர் இடம் மாறிட்டா கிராஃப் தலைகீழா போகும், சில சாஃப்ட்வேர் அந்த திரும்பி எழும்பற பாகத்த பீக்னு எடுத்துக்கிட்டு ஒரு சின்ன பாசிட்டிவ் நம்பர காட்டிடும், பேசின் ஓரளவு நம்பற மாதிரியே இருக்கும். இது ரொம்ப மோசமான ஃபால்ட், ஏன்னா யாருக்கும் சந்தேகமே வராது.

அடுத்து நேரம். அடி விழுந்த எடத்துலேர்ந்து அலை போய் சேர நேரம் ஆகும், அதனால தள்ளி இருக்கற சென்சாரோட பீக் கொஞ்சம் லேட்டா வரணும். எல்லா சேனல்லயும் ஒரு முள்ளு மாதிரி கரெக்டா ஒரே கணத்துல குத்தி நிக்குதுன்னா அது ரோட்டுலேர்ந்து வந்ததில்ல, கரண்ட் வழியா வந்தது: எர்த் லூப், இல்ல கேட்ச் சோலனாய்டு ஆஃப் ஆகும்போது கிளம்பற ஸ்பைக், அந்த காயிலுக்கு குறுக்கால இருக்கற டையோட போயிருக்கான்னு பாருங்க. 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை அலை மாதிரி வந்தா 50 ஹெர்ட்ஸ் ஹம், வண்டியில இருக்கற இன்வெர்ட்டர்லயோ ஜெனரேட்டர்லயோ லேப்டாப் சார்ஜர்லயோ இருந்து. எஃப்.டபிள்யூ.டி பல்ஸே 25-30 மில்லி செகண்ட்தான், அதுக்குள்ள இந்த ஹம் கலந்தா பில்டர் போட்டு பிரிக்க முடியாது. லேப்டாப்ப பேட்டரில ஓட்டி, இன்வெர்ட்டர ஆஃப் பண்ணி ஒரு ட்ராப் போடுங்க, போயிடுச்சுன்னா கண்டுபிடிச்சாச்சு.

கடைசியா, வெயிட்ட விடாமலே ஒரு ரெக்கார்டிங் எடுங்க. பக்கத்து லேன்ல கன்டெய்னர் லாரி போகும்போது ஒண்ணு, ரோடு காலியா இருக்கும்போது ஒண்ணு. மாதவரம், மணலி பக்கம் லாரி போறப்போ கடைசி சென்சார்ல வர்ற அதிர்வு நீங்க அளக்க வேண்டிய டிஃப்ளெக்ஷனுக்கு போட்டியா நிக்கும். இதுக்கு ரிப்பேர் கிடையாது, லாரி போன பிறகு ட்ராப் பண்ணணும், அவ்வளவுதான்.

ஸ்டெப் 7: டெம்பரேச்சர், தூரம்

தார் ரோட்ல ஓட்டை போட்டு கிளிசரின் ஊத்தி அளக்கற டெம்பரேச்சர வெச்சுதான் ரிசல்ட்ட 35 டிகிரிக்கு திருத்தறோம், அது தப்பானா நல்ல டிஃப்ளெக்ஷனும் வீண். பி.டி 100 ப்ரோப்னா ஐஸ் தண்ணில 100 ஓம், 35 டிகிரில 113.6 ஓம். ஒரு டிகிரிக்கு 0.4 ஓம் கூட இல்ல, அதனால ரெண்டு வயர் ப்ரோப்ல கனெக்டர் துரு 1 ஓம் சேர்த்தாலே ரெண்டரை டிகிரி கூட காட்டும். சர்ஃபேஸ் அளக்கற இன்ஃப்ராரெட் சென்சாருக்கு லென்ஸ துடைச்சாலே போதும்.

தூரம் தப்பா வந்தா டயர் காத்து, என்கோடர் (சக்கரம் சுத்தறத எண்ணற கருவி) கப்ளிங் ஸ்க்ரூ, இந்த ரெண்டுதான். அளந்து வெச்ச 1 கிலோமீட்டர்ல ஓட்டி ஃபேக்டர மாத்துங்க.

ஸ்டெப் 8: வண்டியில இருக்க வேண்டியது

ஒரு செட் ப்ராக்ஸிமிட்டி சுவிட்ச், ஒரு சோலனாய்டு காயில், கான்டாக்டர், மெயின் ஃப்யூஸ், ஓ-ரிங் கிட், ஒரு ஜியோபோன் கேபிள், டின் பூசின செம்பு லக்கு, கான்டாக்ட் க்ளீனர், சிலிக்கான் கிரீஸ், ப்ரெஷர் கேஜ். ஹைட்ராலிக் ஹோஸ் ஸ்பேரா தூக்கிட்டு அலைய வேணாம், கிண்டி, அம்பத்தூர் ரெண்டு எஸ்டேட் பக்கமும் பழசக் காட்டினா க்ரிம்ப் பண்ணிக் குடுத்துடுவாங்க, ஆனா உள்ள ரப்பர் துகள் இல்லாம காத்தடிச்சு வாங்குங்க, அந்த துகள்தான் அடுத்த வாரம் செக் வால்வு சீட்ல போய் உக்காரும்.

ஸ்டெப் 9: ரிப்பேர் முடிஞ்சுது, டேட்டாவ என்ன பண்றது?

சென்சார், கேபிள், போர்டு எத தொட்டிருந்தாலும் ரிலேட்டிவ் கேலிப்ரேஷன் (ஜியோபோன்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு சரிபாக்கறது) பண்ணாம ரோட்டுக்கு போகாதீங்க. எல்லா ஜியோபோனையும் ஒரே ஸ்டாண்டுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ட்ராப் போட்டா எல்லாம் ஒரே நம்பர் காட்டணும், எடத்த மாத்தி மாத்தி அடுக்கி திரும்பவும் போடணும். அமெரிக்காவோட எல்.டி.பி.பி (ரோடு நீண்ட காலத்துக்கு எப்படி தாங்குதுன்னு பாக்கற) திட்டத்துல இத மாசா மாசம் பண்ண சொன்னாங்க, ஃபேக்டர் 0.3 பர்சென்ட்டுக்கு மேல நகரக்கூடாதுன்னு. லோட் செல்ல தொட்டிருந்தா ரெஃபரன்ஸ் லோட் செல்லோட ஒப்பிட்ட சர்டிஃபிகேட் வேணும், அதுக்கு யார்டு வேலை பத்தாது.

யார்டுல நல்ல கான்கிரீட் தரையில ஒரு புள்ளிய பெயின்ட் அடிச்சு வெச்சுக்கோங்க, வாரத்துக்கு ஒரு தடவை, எப்பவும் அதே நேரத்துல, அங்க ட்ராப் போட்டு எழுதி வைங்க. ஸ்லாப் காலையில ஒரு மாதிரி வளையும் மத்தியானம் வேற மாதிரி, அதனால நேரம் மாறக்கூடாது. இந்த நோட்டு எதுக்குன்னா, ஃபால்ட் கண்டுபிடிச்ச நாளும் ஃபால்ட் ஆரம்பிச்ச நாளும் ஒண்ணு இல்ல. 5ம் சேனல் இன்னிக்குதான் மாட்டிச்சுன்னா, கடைசியா யார்டு புள்ளியில எல்லாம் சரியா இருந்த தேதி எதுன்னு நோட்டுல பாத்து, அதுக்கு அப்புறம் எடுத்த எல்லா கிலோமீட்டரையும் தனியா பிரிச்சு வைங்க, ஒவ்வொரு கிலோமீட்டர்லயும் ஓரிரண்டு பாயின்ட்ட திரும்ப அடிச்சு பழைய நம்பரோட ஒப்பிடுங்க, டெம்பரேச்சர் திருத்தம் போட்ட பிறகு. ஒத்துப் போகாத கிலோமீட்டர முழுசா திரும்ப எடுக்கணும், ஒரு சென்சார்தானே, அத விட்டுட்டு மீதிய வெச்சு பேக்-கால்குலேஷன் (டிஃப்ளெக்ஷன்லேர்ந்து ரோட்டு லேயரோட பலத்த கணக்குப் போடறது) பண்ணிடலாமேன்னு க்ளையன்ட்கிட்ட கேக்கறதுன்னா எழுத்துல கேளுங்க, பதிலும் எழுத்துல வாங்குங்க.